புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் குறை கேட்க உட்கார்ந்தால், வந்தவர்களில் பாதிப் பேர் கையில் மனு இல்லை, செல்போன். ஒருவருக்கு வாட்ஸப் திறக்கவில்லை. இன்னொருவருக்கு மருமகள் அனுப்பிய படம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "கம்ப்யூட்டர் படிச்ச எம்எல்ஏன்னுதானே ஓட்டுப் போட்டோம்? இதுகூடத் தெரியாதா?" என்று ஒரு பெரியவர் மடக்கினார். வாங்கிப் பார்த்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

சபையிலும் இதே கதைதான். போன வாரம் திரையில் படம் வரவில்லை என்றதும், ஆளும் கட்சி எதிர்க்கட்சி பேதமில்லாமல் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பின. ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். கைதட்டினார்கள். இந்த இரண்டு வருடத்தில் எனக்குச் சபையில் கிடைத்த ஒரே கைதட்டல் அது.

மதியம் சுகாதார அமைச்சர் கூப்பிட்டனுப்பினார். ஆம்புலன்ஸ் வேண்டுமென்று அவசர எண்ணுக்குப் போன் செய்தால், இப்போது ஒரு பெரிய கூடத்தில் ஆட்கள் உட்கார்ந்து எடுக்கிறார்கள். இனி இயந்திரம் எடுக்கும். பேச்சைக் கேட்டுப் புரிந்துகொண்டு அதுவே வண்டியை அனுப்பும். அதற்கான மசோதா அடுத்த மாதம் சபைக்கு வருகிறது.

"எங்க யாருக்கும் இது தலையும் புரியாது வாலும் புரியாது. நம்ம பக்கத்துல நீங்கதான் பேசணும்."

பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருள்! அரசியலுக்கு வருமுன் நான் இளமையைக் கொட்டிச் செய்த வேலையே அதுதானே. வெளியே வந்து காரை அனுப்பிவிட்டு நடந்தே வந்தேன். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கடைசியில் எனக்கென்று ஒரு வேலை.

எந்தக் கம்பெனி என்று கேட்டிருந்தேன். கிளியின் கம்பெனி.

மார்ச் 7, வெள்ளி

கிளி என்பது நாங்கள் வைத்த பெயர். பழைய அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை. மேலாளர் எதைச் சொன்னாலும் அதை அப்படியே திருப்பிச் சொல்லி, அதிலுள்ள அபத்தம் அவர் காதிலேயே விழும்படி செய்வான். இன்று தன் சொந்தக் கம்பெனியின் கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டு என்னை "மேடம்" என்றான்.

"இன்னொரு தடவ மேடம்னு சொன்ன, எழுந்து போயிடுவேன்."

"சரி எம்எல்ஏ, உட்காரு."

இயக்கிக் காட்டினான். பொய் சொல்லக் கூடாது, அருமையாகத்தான் இருந்தது. ஒரு பெண் குரல் "அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குது" என்றது. இயந்திரம் பதறாமல் வயது கேட்டது, வீடு எங்கே என்று கேட்டது, திரையில் வண்டி கிளம்பிவிட்டது. 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு சொல்லைப் புரியவைக்க முக்கி முனகியவர்கள் நாங்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

"இந்தக் குரலெல்லாம் எங்க பதிவு பண்ணின?"

"ஸ்டூடியோல. எல்லா வயசும் இருக்கு. ஆம்பளை பொம்பளை சரிபாதி."

"ஸ்டூடியோல யாருக்குடா நெஞ்சு வலிக்கும்?"

சிரித்தான். நானும் சிரித்தேன். காரில் ஏறிய பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. கால் தேறிவிட்டது. நாக்குதான் இன்னும் அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டவர். அவர் தொண்டையைத் திறந்தால் அந்தக் கோடியில் லாரிக்குள் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். இப்போது 'தண்ணீர்' என்பது ஏதோ ஈரமான சத்தமாக வருகிறது. அறிவு மட்டும் அன்றைக்குப் போலவே கத்தி. அவர் பேசுவது எனக்கு முக்கால்வாசி புரியும், என் மகளுக்கு முழுசும் புரியும். அவள்தான் வீட்டில் மொழிபெயர்ப்பாளர்.

சாப்பிடும்போது இயந்திரத்தைப் பற்றிச் சொன்னேன். அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னவோ சொன்னார்.

"அந்த மிஷின என்கிட்ட குடு, பாத்துக்கறேன்னு சொல்றார் தாத்தா," என்றாள் மகள்.

"சும்மா இருங்கப்பா."

ஏன் அப்படிச் சட்டென்று சொன்னேன்?

மார்ச் 15, சனி

அவசர அழைப்புக் கூடத்துக்குப் போனேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காலை முழுவதும் கேட்டேன்.

யாரும் வாக்கியமாகப் பேசுவதில்லை. ஒருவர் மனைவி பெயரை மட்டும் கத்திக்கொண்டே இருந்தார். ஒரு பெண் கிசுகிசுத்தாள், பக்கத்தில் அடித்தவன் இன்னும் நிற்கிறான் போல. ஒருவர் சிரித்தார். பயத்தில் சிலருக்குச் சிரிப்பு வரும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதற்காக இங்கே இருக்கிற மனிதர்கள் தெய்வங்கள் என்று எழுதிவிட முடியாது. ஒரு ஊழியர் அழைத்தவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, ஃபேன் யார் பக்கம் திரும்ப வேண்டும் என்று பக்கத்து நாற்காலியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் தெருப் பெயரைத் தப்பாக அடித்தார். நான் தொட்டுக் காட்டிய பிறகு திருத்தினார். சுவரில் ஒரு பலகை. யாரும் எடுக்காமல் காத்திருக்கும் அழைப்புகள் அதில் சிவப்பாகக் கூடிக்கொண்டே போகின்றன. சில தானாக அணைந்துபோயின. அணைந்தவர்கள் என்ன ஆனார்கள்?

ஆக, இயந்திரம் வேண்டும். நிச்சயம் வேண்டும். ஆனால் —

அந்த 'ஆனால்' வீடு வரைக்கும் கூடவே வந்தது. புத்தக அலமாரியைக் காரணமே இல்லாமல் அடுக்கினேன். கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினேன்.

மார்ச் 18, செவ்வாய்

அமைச்சரிடம் கேட்டேன். சட்டமாவதற்கு முன் ஒரு மாதம் கூடத்தில் ஆட்களோடு சேர்த்து இயந்திரத்தையும் ஓட்டிப் பார்ப்போம், யார் குரல் அதற்குப் புரியவில்லை என்று தெரிந்துவிடும்.

"இப்பப் போய் டெஸ்டா? பந்தல் போட்டு, ஆளும் வந்து உக்காந்தாச்சு. இப்ப வந்து மழை வருமான்னு கேக்கறீங்க."

வெளியே கொறடா காத்திருந்தார். கட்சிக்காரர்கள் எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களிக்க வேண்டும் என்று சொல்வது அவர் வேலை. எல்லாரையும் உறவு முறை வைத்துத்தான் கூப்பிடுவார். நான் தங்கச்சி.

"தங்கச்சி, தொழில்நுட்பத்துக்குன்னு தனி அமைச்சகம் வரப்போகுது. தலைவர் மனசுல ஒரு பேர் இருக்கு. அந்தப் பேருக்குச் சொந்தக்காரங்க இந்த மசோதாவுல நல்லாப் பேசினா, எல்லாம் தானா நடக்கும்."

வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்த்து, பதவியேற்கும் குரலில் ஒரு வரி சொல்லிப் பார்த்தேன். மகள் கதவருகே நின்று கேட்டிருக்கிறாள். "குரல் நல்லாத்தான் இருக்கும்மா. முகத்த மட்டும் கொஞ்சம் அடக்கிக்கோ."

மார்ச் 20, வியாழன்

கிளி சோதனை எண் ஒன்று அனுப்பினான். "நீயே திட்டிப் பாரு, அதுக்குக் கோபம் வராது."

வீடே ஆய்வுக்கூடமானது. மகள் போர்வைக்குள் புகுந்து கிசுகிசுத்தாள். இயந்திரத்துக்குப் புரிந்துவிட்டது! என் கணவர் மாடிப்படியில் ஏறி இறங்கி, மூச்சு வாங்க வாங்க "கிணறு… வழுக்கி…" என்றார். அதுவும் புரிந்தது. நடிப்பு போதாது என்று மறுபடி ஓடப் போனவரை, நிஜமாகவே ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டி வரும் என்று உட்காரவைத்தோம். எனக்குப் பெருமையாக இருந்தது. கிளியைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அப்பா கை நீட்டினார். இந்த முறை கொடுத்தேன்.

நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். நெஞ்சு வலி, தனியாக இருக்கிறேன், வீடு இந்த இடம். அவருக்கு வருகிற அளவில் தெளிவாகத்தான் சொன்னார்.

"புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்."

சொன்னார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. கழுத்து நரம்பு புடைத்தது.

"புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்."

மூன்றாம் முறை அவர் முடிக்கும் முன்பே அது, "அழைப்பு முடிவடைகிறது, நன்றி," என்றது. இனிமையான குரல். வைத்துவிட்டது.

அப்பா போனைப் பார்த்து ஏதோ சொன்னார். மகள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். எனக்குப் புரியவில்லை.

"புரியலப்பா. இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னார். அப்போதும் புரியவில்லை. எனக்கு அழுகை முட்டியது. பேச்சைப் புரியவைக்கும் வேலையில் பெயரெடுத்தவள், பெற்ற அப்பா பேச்சே புரியலன்னா என்னத்தப் படிச்சு என்னத்த… அவர் என் கையைத் தட்டினார். மூன்றாவது முறை, கூடவே விரலை போனுக்கும் எனக்கும் மாற்றி மாற்றிக் காட்டி, சிரித்துக்கொண்டே.

"உனக்கும்தான் புரியல. ஆனா நீ கட் பண்ணல."

மார்ச் 22, சனி

கிளியைப் பார்த்தேன். நேராகவே கேட்டேன்.

"புரியலன்னா கட் பண்ணச் சொல்லி யார் எழுதினது?"

"சுகாதாரத் துறைல கேட்டாங்க, நான் எழுதினேன்."

"புரியலன்னா கூடத்துல இருக்கிற ஆளுக்கு மாத்தி விடலாமே."

என்னையே பார்த்தான். "கூடமா? எந்தக் கூடம்? மசோதாவ நீ முழுசாப் படிக்கலயா? கூடத்த மூடத்தான் மிஷினே. ஆளே இருக்க மாட்டாங்க. யாருக்கு மாத்தி விட?"

படித்தேன்தான். 'பணியாளர் மறுசீரமைப்பு' என்று இருந்தது. அதற்கு இதுதான் அர்த்தமா?

"நான் சொல்லிப் பார்த்தேன்," என்றான். "ஆள் வெச்சா திட்டமே வேணாம்னாங்க. என்ன நம்பி இத்தனை பேர் வேலை செய்யறாங்க. தயவுசெஞ்சு இதக் கவுத்துடாத." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "மேடம்," என்றான். இந்தத் தடவை அது வேடிக்கைக்காக இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

மசோதாவுக்கு ஒரு திருத்தம் எழுதினேன். ஒரே வாக்கியம். 'அழைப்பவரின் பேச்சு ஒரு முறை புரியாமல் போனாலும், இயந்திரம் அழைப்பைத் துண்டிக்காமல் உடனே ஓர் ஊழியருக்கு மாற்ற வேண்டும்.'

இதை எழுத நாள் முழுவதும் ஆனது. சட்டமும் நிரல் எழுதுவதைப் போலத்தான் என்று நினைத்திருந்தேன். இல்லை. நிரலில் பிழை இருந்தால் நின்றுவிடும். சட்டத்தில் பிழை இருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கொறடா தாழ்வாரத்தில் என்னைத் தனியாக நிறுத்தினார்.

"திருத்தம் கொண்டு வர்றது எதிர்க்கட்சி வேலை தங்கச்சி. நமக்கு எதுக்கு?"

"தப்பு நம்மகிட்ட இருக்கே அண்ணே."

"தப்பே இல்லங்கல. சட்டம் வரட்டும், ஆறு மாசம் போகட்டும், நீங்களே அமைச்சரா உக்காந்து ஒரு கையெழுத்துல மாத்துங்க. இப்ப எதிர்த்து ஓட்டுப் போட்டீங்கன்னா, பதவி வராதது இருக்கட்டும், இருக்கிற எம்எல்ஏ நாற்காலியும் போயிடும். விதி அப்படி. நான் பயமுறுத்தல. எனக்கு உங்களப் பிடிக்கும், அதான் சொல்றேன்."

அவர் சொல்வதில் பாதி உண்மை. அதுதான் தொல்லை. ஆறு மாதம்தானே? அந்த ஆறு மாதத்தில் போன் செய்கிறவர்கள்? உள்ளே இருந்து எத்தனையோ செய்யலாம். வெளியே போனால் ஒயர் சொருகக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

ஏப்ரல் 2, புதன்

என் கணவரோடு சண்டை. பல வருடத்தில் இப்படி ஒரு சண்டை வந்ததில்லை.

"நல்ல வேலைய விட்டுட்டு அரசியல்னு போன. சரின்னேன். வீடு வீடா உன்கூட நடந்தேன். இப்ப அதையும் தூக்கிப் போடப் போறியா? ஒரு இடத்துல நிம்மதியா உக்காரவே மாட்டியா நீ?"

"உங்களுக்கென்ன, நிலம் அளக்கற வேலை. இருக்கிற இடத்துலயே இருக்கும், ஓடாது."

சொல்லியிருக்கக் கூடாது. அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெளியே வெயில் கொளுத்துகிறது, மழைக்கான அறிகுறியே இல்லை. அந்தக் குடையை நினைத்தால் சிரிப்பும் வருது அழுகையும் வருது. நான் என்னதான் பண்ண? யாராச்சும் சொல்லித் தொலைங்களேன்.

ஏப்ரல் 3, வியாழன்

திருத்தத்தைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சபையில் அவரைப் பற்றிப் பேசக் கூடாது. "என்னக் காட்டிப் பாவம் பாக்க வெக்காத." மகள் மொழிபெயர்க்கவில்லை. எனக்கே புரிந்தது.

என் கையில் இருந்த ஒரே ஆயுதம் அதுதான். அதுவும் போச்சு.

அவர் பேசாமல் என் புடவையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார். கணவரைச் சொல்கிறேன். சமாதானமா என்று நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

பேசினேன். நன்றாகப் பேசவில்லை. பயந்தவர்களின் குரல் எப்படி மாறும், இயந்திரம் எங்கே தடுமாறும் என்று வகுப்பெடுப்பது போல் போய்விட்டது. பின் வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார், தொண்டை வரை தெரிந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். தட்டத் தட்ட எங்கள் பக்கத்து முகங்கள் இறுகின.

கடைசியில் குறிப்பை மடித்து வைத்துவிட்டேன். "நானும் மனிதர்கள் பேசுவது புரியாமல் விழிக்கிறவள்தான். புரியாமல் போவது குற்றமில்லை. புரியவில்லை என்பதற்காகப் போனை வைப்பதுதான் குற்றம். அதை நாம் சட்டமாகச் செய்ய வேண்டாம்," என்றேன். கொட்டாவி விட்டவர்கூட நிமிர்ந்து பார்த்தார். சபாநாயகர் மணி அடித்துவிட்டார்.

குரல் வாக்கெடுப்பில் திருத்தம் தோற்றது. பிறகு மசோதா. "ஏற்போர் 'ஆம்' என்க." என்னைச் சுற்றி ஆம், ஆம் என்று அலைபோல. "மறுப்போர்?" எதிர்ப்பக்கத்துச் சத்தத்தோடு என் 'இல்லை'யும் போய்விடும், யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர்கள் எண்ணிக்கை கேட்டார்கள். மறுப்போர் எழுந்து நிற்கச் சொன்னார் சபாநாயகர்.

எங்கள் பக்கத்தில் நான் மட்டும் நின்றேன். கொறடா என்னைப் பார்க்கவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மசோதா நிறைவேறியது.

ஏப்ரல் 9, புதன்

கட்சியிலிருந்து நீக்கம். செய்தியில் பார்த்துத்தான் எனக்கே தெரியும்.

ஜூன் 17, செவ்வாய்

எம்எல்ஏ பதவி பறிபோனது. காலையில் வாசலில் யாரும் இல்லை. பழக்க தோஷத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். என் கணவர் இரண்டு டீயோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"சொல்லுங்க எம்எல்ஏ, எங்க தெருவுல ஒரு அம்மாவுக்குத் தூக்கமே வரதில்லயாம்."

அழுதே விட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இடைத்தேர்தலில் சுயேச்சையாக நின்றேன். தோற்றேன். மூன்றாம் இடம்.

அக்டோபர் 23, வியாழன்

கிளி வந்தான். மார்ச்சுக்குப் பிறகு முதல் முறையாக. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டே இருந்தான்.

"உக்காருடா."

விஷயம் இதுதான். இயந்திரம் ஓட ஆரம்பித்ததிலிருந்து புகார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. போன வாரம் சுகாதார அமைச்சரின் சொந்த அக்காவுக்கு மூச்சுத் திணறல். வீட்டில் தனியாக இருந்திருக்கிறார். வாயில் காற்றுதான் வருகிறது, சொல் வரவில்லை. மூன்று முறை கேட்டுவிட்டு இயந்திரம் வைத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனதால் பிழைத்தார்.

"மறுநாள் காலைல அமைச்சர் போன்ல கத்தறார், ஆளுக்கு மாத்தி விடற மாதிரி செய்ய எத்தனை மாசம் ஆகும்னு. மதியத்துக்குள்ள முடிச்சுக் குடுத்தேன்."

"அவ்வளவு சீக்கிரமாவா?"

தரையைப் பார்த்தான். "நீ சபைல பேசின அன்னைக்கே எழுதி வெச்சுட்டேன். போடச் சொல்லி யாரும் கேக்கல. நானும் சொல்லல."

திட்ட வேண்டும் போலிருந்தது. கேட்காமலே போட்டிருக்கலாமே பாவி. அப்பா கைத்தடியோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ கேட்டார். கிளி என்னைப் பார்த்தான். நான் மொழிபெயர்க்கவில்லை.

"ஐயா, சரியாக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க," என்றான். முகத்தைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டான். அவர்களை விட்டுவிட்டு உள்ளே போய் டீ போட்டேன்.

நவம்பர் 5, புதன்

அரசு உத்தரவு வந்துவிட்டது. கூடத்தில் பாதிப் பேரைத் திரும்ப வேலைக்கு எடுக்கிறார்கள். உத்தரவில் என் வாக்கியம் அப்படியே இருக்கிறது, ஒரு சொல் மாறவில்லை. அமைச்சர் தன் நெடுநாள் யோசனை என்று பேட்டி கொடுத்தார். மகள் டிவியைப் பார்த்துக் கொதித்தாள். எனக்கு ஏனோ கோபம் வரவில்லை. வாக்கியம் பிழையில்லாமல் இருக்கிறதா என்று இன்னொரு முறை படித்தேன். இருக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

கிளி வேலைக்குக் கூப்பிடுகிறான். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

காலையில் ஒரு பெண் வந்தாள். மகனுக்கு இரண்டு காலும் வராது, சக்கர நாற்காலிதான். பள்ளியில் வகுப்பை மாடிக்கு மாற்றிவிட்டார்கள், கேட்டால் யாரும் பதில் சொல்லவில்லை.

"நான் இப்ப எம்எல்ஏ இல்லம்மா."

"தெரியும். புது எம்எல்ஏவைப் பாத்துட்டுத்தான் வர்றேன். நாளைக்கு வரச் சொன்னார்."

"என்னால ஃபோன் பண்ணி எல்லாம் ஒண்ணும் ஆகாது. யாரும் எடுக்க மாட்டாங்க."

"கூட வருவீங்கல்ல?"

பஸ்ஸில் போனோம். கல்வி அலுவலகத்தில் என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, தெரிந்தவர்களும் காட்டிக்கொள்ளவில்லை. வரிசை வாசல் தாண்டி வெளியே நின்றது. அவள் தன் மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள், கணக்கில் கெட்டிக்காரனாம், வாய் மட்டும் ரொம்ப நீளமாம். நான் கேட்டுக்கொண்டே நின்றேன். அவசரமாக எங்கும் போக வேண்டும் என்று தோன்றவில்லை. எங்கள் முறை வந்தபோது மதியமாகியிருந்தது.

"ரெண்டு பேர்ல யாருக்கு வேலை?" என்று உள்ளேயிருந்து கேட்டார்கள்.

"ரெண்டு பேருக்கும்," என்றேன்.